எத்தனை ஏக்கர் வேண்டும்: போச்சம்பள்ளியிலிருந்து கூத்தூர் வரை

ஐதராபாத்தின் மாதாப்பூரில், ஹைடெக் சிட்டியை ஒட்டிய மென்பொருள் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் ஓர் அறிவுரை அடிக்கடி கேட்கும்: மனத்தை வருத்துவதோடு மல்லுக்கட்டி ஆற்றலை வீணாக்காதீர்கள், உங்களுக்கு வேண்டியது எதுவோ அதன்மீது ஆற்றலைச் செலுத்துங்கள். மாத ஊதியம் உறுதியாக உள்ள ஒருவருக்கு இது பயனுள்ள சொல்லாக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்த குடியானவரிடமோ, தம் உறவினரை எரித்துக் கொன்றவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பியதைக் கண்ட விவசாயத் தொழிலாளியிடமோ இதே சொல்லைக் கூறினால் அதன் பொருள் என்ன? அநீதியைப் பொறுத்துக்கொள் என்பதை மென்மையாகக் கூறும் முறையா அது? அல்லது போராடுவோர்க்கும் அதில் கற்க ஏதேனும் உண்டா?

இக்கேள்விக்கு மாதாப்பூரின் சுற்றுவட்டாரத்திலேயே ஒரு வரலாற்றுச் சோதனைக்களம் உள்ளது. மாதாப்பூரில் இருக்கும் சில்பாராமம் கைவினைச் சந்தையில் இக்கத் நெசவுச் சேலைகள் விற்கப்படுகின்றன. அவற்றுக்குப் பெயர் தந்த போச்சம்பள்ளி, நகருக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள நெசவாளர் ஊர். தமிழ் வாசகர் அறிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வேறு. இது பழைய நல்கொண்டா மாவட்டத்தைச் சேர்ந்தது. 1951-க்குப் பின் இவ்வூருக்குப் ‘பூதான் போச்சம்பள்ளி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளைக் காண வேண்டும்.

நிஜாம் ஆட்சியின்கீழ் இருந்த ஐதராபாத் சமஸ்தானத்தில் நிலத்தின் ஏறத்தாழ 40 விழுக்காடு ஜாகீர்களாகவும் நிஜாமின் சொந்த நிலமாகவும் இருந்தது. எஞ்சிய பகுதியிலும் தேசமுக்குகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தம் கைவசம் வைத்திருந்தனர். குடியானவரும் கைவினைஞரும் தலித் மக்களும் அவர்களுக்கு ‘வெட்டி’ எனும் கூலியில்லா உழைப்பைத் தர வேண்டியிருந்தது. 1946 ஜூலை 4 அன்று, கடவெண்டியில் விசுனூர் தேசமுக்கின் ஆட்கள் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் தொட்டி கொமரய்யா உயிரிழந்தார். அதுவரை ஆந்திர மகாசபையின் சங்கங்கள் வழியாக நடந்துவந்த எதிர்ப்பு, அதன்பின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலான ஆயுதப் போராட்டமாக உருவெடுத்தது.

அப்போராட்டத்தை வெறும் எதிர்ப்பு என்று சுருக்குவது பிழை. அதில் ‘வேண்டுவது’ மிகத் தெளிவாக இருந்தது. வெட்டி வேலை ஒழிய வேண்டும். பறிக்கப்பட்ட நிலம் திரும்ப வேண்டும். வெளியேற்றப்பட்ட குத்தகையாளர் மீண்டும் தம் வயலில் இறங்க வேண்டும். இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான பி. சுந்தரய்யா தரும் கணக்கின்படி, ஏறத்தாழ 3,000 ஊர்களில் 10 லட்சம் ஏக்கர் பங்கிடப்பட்டது. இக்கணக்கைக் குறைத்து மதிப்பிடுவோரும், பல நூறு ஊர்களில் வெட்டி வேலை நின்றதையும் தேசமுக்குகள் நகரத்துக்கு ஓடியதையும் மறுப்பதில்லை.

1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் ஐதராபாத்தில் நுழைந்து நிஜாம் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. இயக்கத்தின் முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன. புதிய அரசு 1949-இல் ஜாகீர்தாரி முறையை ஒழித்தது. 1950-இல் குத்தகைச் சட்டம் இயற்றிப் பாதுகாக்கப்பட்ட குத்தகையாளர் என்ற உரிமையை வழங்கியது. இவ்விரு சட்டங்களும் அப்போராட்டத்தின் அழுத்தத்தால் விளைந்தவை. கிடைத்த நிலத்தைச் சட்டப்படி உறுதிசெய்வதில் ஆற்றலைச் செலுத்துவது ஒரு வழி. டெல்லி அரசையே வீழ்த்தும் போராகத் தொடர்வது மற்றொரு வழி. கட்சித் தலைமை இரண்டாம் வழியைத் தேர்ந்தது. இராணுவத்தோடு மோதிய குழுக்கள் காடுகளுக்குள் ஒதுங்கின. நிலம் பெற்ற ஊர்களில் நிலக்கிழார்கள் காவல்துறையின் துணையோடு மீண்டும் வந்தனர். சுந்தரய்யாவின் கணக்கில், போராட்டம் முழுவதிலும் உயிரிழந்தோர் 4,000 பேர் வரை. ரவி நாராயண ரெட்டி போன்ற முன்னணித் தலைவர்களே ஆயுதப் போராட்டத்தைத் தொடர்வது தவறென வாதிட்டனர். 1951 அக்டோபரில் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் ரவி நாராயண ரெட்டி நல்கொண்டாவில் நேருவைக் காட்டிலும் கூடுதல் வாக்குகள் பெற்று வென்றார். மக்கள் அவர்களைக் கைவிடவில்லை. எதிரியை வீழ்த்துவது என்ற நோக்கம், நிலத்தை நிலைக்கச்செய்வது என்ற நோக்கத்தை விழுங்கியிருந்தது என்பதே அம்மூன்று ஆண்டுகளின் வரலாறு காட்டும் செய்தி.

இச்சூழலில்தான் 1951 ஏப்ரலில் ஐதராபாத்தின் தென்புறத்தில் உள்ள சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு நடந்தது. அதற்கு வார்தாவிலிருந்து நடந்தே வந்த வினோபா பாவே, திரும்பும்போது கலவரப் பகுதிகள் வழியாக நடக்க முடிவுசெய்தார். புறப்படுமுன் ஐதராபாத் சிறையிலிருந்த கம்யூனிஸ்டுகளையும் சந்தித்தார். ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியை அடைந்தார். அவ்வூரின் தலித் குடும்பங்கள் தமக்குப் பிழைக்க வழியில்லை, நிலம் வேண்டும் என்றன. எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டார். நாற்பது குடும்பங்களுக்கு 80 ஏக்கர் போதும். பாதி நன்செய், பாதி புன்செய் என்று விடை வந்தது. அரசுக்கு எழுதிக் கேட்கலாம் என்பதே வினோபாவின் முதல் எண்ணம். பிறகு, ஊரிலேயே எவரேனும் தர முடியுமா என்று கூட்டத்தைக் கேட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார்.

பூதான வரலாறு இந்நிகழ்ச்சியைக் கொடையாளியின் மனமாற்றமாகவே எழுதிவந்துள்ளது. வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய நொடியை. நிலமற்றோர் தம் துன்பத்தைச் சொல்லி நிறுத்தவில்லை; குடும்ப எண்ணிக்கை, ஏக்கர் அளவு, நன்செய் புன்செய்ப் பாகுபாடு ஆகியவற்றோடு ஒரு கணக்கை முன்வைத்தனர். துன்பத்துக்கு இரங்கல் தெரிவித்துக் கலைந்துவிட முடியும். 80 ஏக்கர் என்ற கணக்கின் முன் ஒரு கூட்டம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அக்கணக்கைக் கேட்க வைத்த அச்சத்தை, முந்தைய ஐந்தாண்டுப் போராட்டம் நிலக்கிழார் மனத்தில் விதைத்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தெலங்கானாவில் 51 நாள் நடந்த வினோபாவுக்கு ஏறத்தாழ 12,000 ஏக்கர் கிடைத்தது. போராட்டம் நடக்காத ஒரு மாவட்டத்தில் அதே நடை இவ்வளவு நிலத்தை ஈட்டியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

அடுத்த ஆண்டுகளில் அந்த இயக்கம் நாடு முழுதும் பரவியது. பரவப் பரவ, போச்சம்பள்ளியின் கணக்கு மறைந்தது. நாற்பது குடும்பங்களுக்கு 80 ஏக்கர் என்ற இடத்தில், 1957-க்குள் 5 கோடி ஏக்கர் என்ற இலக்கு வந்து அமர்ந்தது. திரண்டது 40 லட்சம் ஏக்கரைச் சற்றுத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பிகாரில் எழுதித் தரப்பட்டது. பாறையும் ஓடைப்புறம்போக்கும் வழக்கில் சிக்கிய நிலமும் அதில் கலந்திருந்தன. நிலமற்றோர் கைக்கு உண்மையில் சென்றது பாதிக்கும் குறைவு. யாருக்கு வேண்டும், எங்கே வேண்டும், யார் பெயரில் பட்டா என்ற கேள்விகள் பின்னுக்குச் சென்றன. எத்தனை ஏக்கர் திரண்டது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. தெலங்கானாவில் எதிரியைப் பற்றிய எண்ணம் விருப்பத்தை விழுங்கியது. பூதானத்தில் நல்லெண்ணத்தின் பெருக்கமே விருப்பத்தை மங்கச்செய்தது. வேண்டுவதில் ஆற்றலைச் செலுத்து என்ற அறிவுரையைப் பின்பற்றியவர்களும், வேண்டுவது எது என்பதை அளவோடு சொல்ல மறந்தால் வெறுங்கையோடு நிற்க நேரிடும் என்பதற்கு இதுவே சான்று.

இவ்விரு பட்டறிவுகளும் ஒன்றாகச் சந்தித்த இடம் தமிழகத்தின் கீழத்தஞ்சை. வினோபா 1956 முதல் 1957 வரை தமிழகத்தில் நடந்தபோது, அவரோடு பணியாற்றியவர்கள் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்து அதைத் துறந்தவர். கிருஷ்ணம்மாள் 1926-இல் நிலமற்ற தலித் குடும்பமொன்றில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, கூலி வேலை செய்த தாயால் வளர்க்கப்பட்டவர். பூதானத்தின் ஒளியையும் அதன் ஓட்டைகளையும் இருவரும் அருகிலிருந்து கண்டனர்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவருள் மிகுதியானோர் தலித் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதும், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கொலை வழக்கில் கீழ் நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலரைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1980-இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அச்செயலின் பின்னிருந்த சினத்தைப் புரிந்துகொள்ள இயலாதவர் எவரும் இல்லை. ஆயினும் அதன் மறுநாளும் கீழத்தஞ்சையின் வயல்கள் முன்பு யார் பெயரில் இருந்தனவோ அவர்கள் பெயரிலேயே இருந்தன.

கீழ்வெண்மணிக்குப் பின் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நாகை வட்டாரத்துக்கு வந்து, கூத்தூரில் தங்கிப் பணிசெய்யத் தொடங்கினர். முதலில் அவர்கள் கைக்கொண்டது போராட்டத்தையே. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பிட்டது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. வரம்புக்கு மேற்பட்ட நிலம் கோயில், அறக்கட்டளை, பினாமிப் பெயர்களில் ஒளிந்துகொண்டது. வலிவலம் முதலிய ஊர்களில் அத்தகைய நிலங்களுக்காகச் சத்தியாக்கிரகங்கள் நடந்தன. பெண்கள் குழந்தைகளோடு சிறை சென்றனர். 1970-களின் நடுவில் பிகாருக்குச் சென்ற இருவரும் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தில் பங்கெடுத்தனர். அம்மாநிலத்தில், போத் கயா மடத்தின் நிலங்களுக்காக எழுந்த போராட்டத்தில், 1980-களின் தொடக்கத்தில் பெண்கள் தம் பெயரிலேயே பட்டா கேட்டுப் பெற்றது இந்திய நில உரிமை வரலாற்றில் ஒரு திருப்பம்.

1981-இல் இத்தம்பதியர் தொடங்கிய ‘லாஃப்டி’ இயக்கம், உழுபவர்க்கு நிலம் என்ற பழைய கோரிக்கையை ஒரு குறிப்பான கணக்காக மாற்றியது: ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் நன்செய், பட்டா பெண்ணின் பெயரில். நிலக்கிழாரை ஒழிப்பது என்ற நோக்கம் அதில் இல்லை. அவருடைய மனமாற்றத்துக்காகக் காத்திருப்பதும் இல்லை. கீழத்தஞ்சையின் உயர்சாதி நிலவுடைமையாளர் பலர் அதற்குள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். கூலிப் போராட்டங்களாலும் குத்தகைச் சட்டங்களாலும் நிலத்தை வைத்திருப்பது அவர்களுக்குச் சுமையாகியிருந்தது. விற்க விரும்புவோரை இயக்கம் தேடிச் சென்றது. நியாயமான விலை பேசியது. வங்கிக் கடனும் அரசு நிதியுதவியும் பெற்று நிலத்தை வாங்கியது. பதிவுச் செலவு பயனாளிகள் தலையில் விழாதிருக்க முத்திரைத்தாள் கட்டண விலக்கு கேட்டு அரசை நாடியது. நிலம் பெற்ற பெண்கள் விளைச்சலிலிருந்து கடனை அடைத்தனர்.

பெண் பெயரில் பட்டா என்பது இக்கணக்கின் உயிர்நாடி. நிலத்தை அடகு வைக்கவும் விற்கவும் உள்ள உரிமை, மதுக்கடைக்கும் வட்டிக்கடைக்கும் எளிதில் இரையாகக்கூடிய கையில் இருந்தால் ஓர் ஏக்கர் ஒரே தலைமுறையில் கரைந்துவிடும். வயலில் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் பெண்களே; ஆவணத்தில் மட்டும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. இம்முறையில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-இல் இருவருக்கும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது. ஐந்து கோடி என்ற இலக்கின் முன் பதின்மூன்றாயிரம் மிகச் சிறிய எண்ணே. ஆனால் அந்த ஒவ்வோர் ஏக்கருக்கும் ஒரு புல எண்ணும், ஒரு பெண்ணின் பெயரும், பதிவு அலுவலகத்தில் ஓர் ஆவணமும் உண்டு.

இம்முறைக்கு எதிரான விமரிசனங்களை ஒதுக்கிவிட முடியாது. இடதுசாரிகள் எழுப்பிய கேள்வி நேரடியானது: உழைப்பைச் சுரண்டிச் சேர்த்த நிலத்துக்கு, சுரண்டப்பட்டவரே ஏன் விலை தர வேண்டும்? நீதியின் அளவுகோலில் இக்கேள்விக்கு மறுமொழி இல்லை. நிலத்தை விற்று வெளியேறியவர் தண்டனையின்றிப் பணத்தோடு சென்றார் என்பதும் உண்மை. மற்றொரு விமரிசனமும் பொருந்தும்: விற்க விரும்பும் நிலக்கிழார் தாமாக உருவாகவில்லை, செங்கொடிச் சங்கங்கள் அரை நூற்றாண்டாக நடத்திய கூலிப் போராட்டங்களும் அவற்றில் சிந்திய குருதியும் அவரை உருவாக்கின. லாஃப்டி பேரம் பேசிய மேசையைச் செய்து வைத்தவர்களுள் கீழ்வெண்மணியில் இறந்தவர்களும் உள்ளனர்.

அவ்வியக்கமே பின்னர் எதிர்ப்புப் போராட்டத்துக்குத் திரும்ப நேர்ந்தது. 1990-களில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகளின் உப்புநீர் அண்டை வயல்களையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுத்தது. பட்டா கையில் இருந்தும் நெல் விளையாத நிலை உருவாயிற்று. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் வளர்ப்புத் தொழிலைத் தடைசெய்தது. பின்னர் 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அத்தொழில் அனுமதியோடு தொடர வழிசெய்தது. வென்ற வழக்கின் பயன் இவ்வாறு சுருங்கியது. இதற்கு மாறாக, பெண்கள் பெயரில் பதிவான ஏக்கர்களை எந்தச் சட்டத் திருத்தமும் திரும்பப் பெறவில்லை. எதிர்ப்பு தேவையற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. உப்புநீரைத் தடுக்காமல் நெல்லை விரும்பிக்கொண்டிருக்க முடியாது. தடுத்தலும் பெறுதலும் வெவ்வேறு வேலைகள், ஒன்றின் வெற்றி மற்றொன்றைத் தானாகக் கொண்டுவராது என்பதே இதில் தேறும் முடிவு.

மூன்று வரலாறுகளையும் அருகருகே வைத்தால் மாதாப்பூரின் அறிவுரை வேறு வடிவம் பெறுகிறது. வருத்துவதை மறந்துவிடு என்று அது கூறுமானால், அது வலியோர்க்கே பயன்படும். வெட்டி வேலையை மறந்த குடியானவர் வெட்டி வேலையையே தொடர்ந்திருப்பார். ஆனால் போராட்டம் ஒரு வாயிலைத் திறக்கும் தருணத்தில், உள்ளே சென்று எடுக்க வேண்டியது எது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும் என்று அது கூறுமானால், தெலங்கானாவும் பூதானமும் கீழத்தஞ்சையும் அதற்குச் சான்று பகரும். 1948-இல் வாயில் திறந்தது. கணக்கு எதிரியின்மீது இருந்தது. 1951-இல் கணக்கு இருந்தது. ஓராண்டுக்குள் அது பெருந்தொகையில் கரைந்தது. 1981-இல்தான் பெயர், அளவு, ஆவணம் மூன்றும் ஒன்றாக வந்தன.

ஆவணத்தின் மதிப்பு என்னவென்று மாதாப்பூரைச் சுற்றிய நிலமே இன்று கற்பிக்கிறது. கஜக் கணக்கில் விலை பேசப்படும் இவ்வட்டாரத்தில், ஏழைகளுக்கென எழுதித் தரப்பட்ட பூதான நிலங்கள் கைமாறியது குறித்த வழக்குகள் இன்றும் ரங்காரெட்டி மாவட்டத்தில் நடந்துவருகின்றன. பூதான நிலத்தை விற்கக் கூடாது என்று ஆந்திராவின் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியும், பயனாளியின் பெயர் உறுதியாகப் பதியாத இடங்களில் நிலம் விலைக்குப் போயிற்று. போச்சம்பள்ளியில் நாற்பது குடும்பங்கள் தம் தேவையை ஏக்கர் கணக்கில் சொன்னபோது அவர்கள் பாதி வேலையைச் செய்து முடித்திருந்தனர். மீதிப் பாதி, அந்தக் கணக்கைப் பதிவேட்டில் ஏறும்வரை விடாமல் பின்தொடர்வது. கூத்தூரில் அதைச் செய்துகாட்டியவர்கள் நாற்று நட்ட பெண்கள்.